கொட்டகையில் சிவந்த துணி

சதாசிவன் உரம் என்று சொல்லி எங்கள் வயலுக்கு உப்பைக் கொடுத்துவிட்டான் என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். எனக்குத் தொண்டை பெரிது. நான் வரப்பில் நின்று ஒன்றைச் சொன்னால் பாறசாலைச் சந்தையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான் என்று என் மனைவி சுகிர்தபாய் கேலி செய்வாள். எல்லைப் போராட்டக் கமிட்டியில் எனக்கு இடம் கிடைத்தது இந்தத் தொண்டைக்காகத்தான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி.

அது ஐம்பத்து நான்காம் வருடம். தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஆடி மாதக் கடைசியில் மார்த்தாண்டம் பக்கம் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்திருந்தார்கள். அதன் பிறகு இந்தப் பக்கத்தில் ஒருத்தருக்கும் கொதிப்பு அடங்கவில்லை. கொல்லயிலில் எங்கள் ஏலாவில், அதாவது வரப்போடு வரப்பு ஒட்டிக் கிடக்கிற நெல்வயல் பரப்பில், பதினொரு வீட்டுக்காரர்கள் தமிழ். பன்னிரண்டாவதாக விலாசினியின் வீடு மலையாளம். சொல்லப்போனால் எல்லோருக்கும் இரண்டும் தெரியும். வீட்டில் ஒன்று, சர்க்கார் கச்சேரியில் ஒன்று, சண்டையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. ஆனால் அந்த வருடம் யார் எந்தப் பக்கம் என்பதை யாரும் மறக்கவில்லை.

சதாசிவன் பெருங்கடவிளைக்காரன், மலையாளி. முப்பது வயது இருக்கும். உர டிப்போவில் தற்காலிக வேலை. வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மேலே ஒரு புகார் போனால் போதும், மறுநாள் அவன் வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான். எந்நேரமும் கக்கத்தில் ஒரு குடை வைத்திருப்பான். மழை பெய்தாலும் அதை விரிக்கமாட்டான். அது எனக்குப் பிடிக்காது. அவனிடம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது உண்மையில் அவ்வளவுதான். மற்றதெல்லாம் காலம் சேர்த்துக் கொடுத்தது.

ஐப்பசியில் நடவு முடிந்த கையோடு டிப்போவுக்கு வெள்ளை உரம் வந்தது. அம்மோனியம் சல்பேட் என்று சாக்கில் எழுதியிருக்கும். பார்வைக்குக் கல்லுப்பைப் பொடித்தது போலவே இருக்கும். பதினொரு வீட்டுக்கும் சேர்த்து நான்தான் வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்தேன். உரம், விதை விஷயத்தில் ஏலாவில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சாக்குகளை ஏற்றி முடித்த பிறகு வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். அந்த நேரம் சதாசிவன் ஒரு அச்சடித்த தாளோடு என்னிடம் வந்தான்.

“நேசையண்ணா, இதில சாம்பல் கூட்டருது கேட்டோ. சுண்ணாம்பும் வேண்டா. வெறுதே தூவியா மதி.”

“ஏன் கூட்டப்பிடாது?”

அவன் தாளைப் பார்த்தான். “கூட்டருதுன்னாணு எழுதியிருக்குந்நது.”

“காரணம் எழுதலியா?”

“அது இல்லா.”

நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் எதுவும் வெறுமனே வயலுக்குப் போகாது. சாணியானாலும் தழையானாலும் அடுப்புச் சாம்பலைக் கூட்டிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் ஒரு சாம்பல் குழி உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட போகிற போக்கில் அந்தக் குழி நிறைந்திருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். சாம்பலோடு பூவாற்றிலிருந்து வருகிற சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்து, தண்ணீர் தெளித்து, ஓலை போட்டு மூன்று நாள் மூடி வைத்தால் உரம் பழுக்கும். இது என் இருபது வருடத்துக் கைப்பழக்கம். இவன் என்னவென்றால் தாளைப் பார்த்துச் சொல்கிறான். போதாததற்கு, அந்த நாளில் சர்க்கார் ஆள் ஒன்றைச் செய்யாதே என்றால், அதைச் செய்தால் நமக்கு ஏதோ நன்மை இருக்கிறது என்றே எனக்குப் படும். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலையே பதினொரு வீட்டுச் சாம்பலும் கூடை கூடையாக என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. சாக்குகளைத் தரையில் கொட்டி, சாம்பலும் சுண்ணாம்பும் போட்டு, மண்வெட்டியால் நானே புரட்டினேன். தண்ணீர் தெளித்ததும் அது எழுந்தது. வாடை என்று சொன்னால் போதாது. மூக்குக்குள் ஊசி ஏறியது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஈர ஓலையை இழுத்து மூடிவிட்டு வெளியே ஓடி வந்தேன்.

என் அத்தை மகன் பொன்னுதாஸ் ஓலையை ஓரமாகத் தூக்கித் தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தான்.

“எலே நேசையா, இது உரம் இல்ல, வெசமாக்கும்.”

“அவ்வளவு காரம் உண்டு மக்கா. இது போய் வேரில பிடிச்சா நெல்லு சும்மா நிக்குமா?”

மறுநாள் ஏலாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மோந்து பார்த்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் ஜெயதாஸுக்கு ஒரு வாரமாக இருந்த மூக்கடைப்பு அங்கேயே திறந்துகொண்டது. எங்கள் கமிட்டிக்கு எழுத்து வேலை பார்ப்பவர் அவர்தான். இத்தனை வீரியம் கண்டதில்லை என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஓலையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் காரம் தணிந்தது. பழுத்துவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் சரியென்றார்கள்.

இதற்கு நடுவில், இரண்டாம் நாள்தான் துணி விஷயம் நடந்தது. சுகிர்தபாய் மணிக்கட்டு பிசகி, மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டியிருந்தாள். கட்டை அவிழ்த்துத் துணியை அலசி, வெளியே மழையானதால் கொட்டகைக் கொடியில் போட்டிருக்கிறாள். கொடி குவியலுக்கு நேர் மேலே, என் தலைக்கு ஒரு முழம் உயரத்தில் இருந்தது. திரும்ப வந்தவள் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“கேட்டியளா, இது செவந்து போச்சு.”

“சுண்ணாம்பு பட்டிருக்கும்.”

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிறதை ஒரு தடவை பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். அவள் துணியோடு அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து நின்றாள்.

“இப்போ பழையபடி மஞ்சளாச்சு. நான் அலசல்ல. கையில பிடிச்சோண்டு நிக்கும்போ கண்ணுக்கு முன்னால மாறிச்சு.”

“எட்டி, எனக்கு இஞ்ச நூறு சோலி கெடக்கு.”

அவள் துணியை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டாள். நாலாம் நாள் பதினொரு வீட்டு வயலிலும் உரம் வீசினோம். கையில் மாவு போலக் குளிர்ந்து கிடந்தது, வாடையே இல்லை. எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன்.

பத்து நாள் போயிற்று. பதினைந்து நாள் போயிற்று. நெல் அப்படியே நின்றது. சாகவும் இல்லை, ஏறவும் இல்லை. வெளிறிப்போய், அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவன் முகம் போல இருந்தது. பன்னிரண்டாவது வயல் மட்டும் கரும்பச்சையாக எழும்பியது. விலாசினியும் அதே டிப்போவில், அதே நாளில், அதே உரத்தைத்தான் எடுத்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு வரப்பு. இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் பச்சை. அங்கே நின்று பார்த்தவன் யாரும் காரணம் தேடிப் போகவில்லை. அந்த வருடம் காரணம் எல்லோர் நாக்கிலும் தயாராக இருந்தது.

“அவளுக்கு உரம், நமக்கு உப்பு. அவனுக்க ஆளுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு,” என்று நான் வரப்பில் நின்று சொன்னேன். வழக்கம்போல அது சந்தை வரைக்கும் போனது.

பொழுது சாய்வதற்குள் ஜெயதாஸ் வாத்தியார் ஒரு மனு எழுதிவிட்டார். டிப்போக்காரன் தமிழ்க் குடியானவர்களுக்கு வேண்டுமென்றே உப்பைக் கொடுத்து வெள்ளாமையை அழித்தான் என்று நல்ல தமிழில் இருந்தது. அறுபது பேர் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைத்தார்கள். மறுநாள் வியாழக்கிழமை காலை முப்பது பேர் டிப்போ முன்னால் போய் நின்றோம். சிலர் கையில் கம்பு இருந்தது.

சதாசிவன் ஓடவில்லை. ஒரு சாக்கைப் பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கிலேயே போட்டுக்கொண்டான். முகம் சுளித்தது.

“உப்பல்ல. சத்தியமாயிட்டு இது உப்பல்ல.” பிறகு என்னைப் பார்த்தான். “ஞான் நேசையண்ணனோடு பறஞ்ஞிட்டுண்டு, சாம்பல் கூட்டருதுன்னு. அன்னு வண்டியில ஏத்தின சமயம் பறஞ்ஞு.”

முப்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“இல்ல. எனக்கிட்ட ஒண்ணும் சொல்லல்ல,” என்றேன்.

அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சாம்பலால் நெல் கெடும் என்று நான் அப்போதும் நம்பவில்லை. அவன் தப்பிக்க வழி தேடுகிறான் என்றே நினைத்தேன். அதோடு, அவன் சொன்னான் என்று ஒத்துக்கொண்டால் பேச்சு என் கொட்டகைக்கு வந்துவிடும். இரண்டும் சேர்ந்துதான் என் வாயைத் திறந்தது. சதாசிவனின் வாய் பாதி திறந்தபடி நின்றது. குனிந்து சாக்கின் வாயைக் கட்டினான்.

சனிக்கிழமை தண்ணீர்க் கூட்டத்துக்கு அவன் வரவேண்டும் என்று முடிவாயிற்று. பொதுக்கூட்டத்துக்குத் தடை இருந்ததால், வாய்க்கால் முறை பேசுகிறோம் என்று சொல்லித்தான் கமிட்டி என் கொட்டகையில் கூடும். அங்கே வந்து, உப்பைக் கொடுத்தது உண்மை என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போட்டாலும் போடாவிட்டாலும் திங்கட்கிழமை மனு மேலே போகும். வராவிட்டால் டிப்போவில் ஓடு மிஞ்சாது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

“வாறேன்,” என்று சதாசிவன் தமிழிலேயே சொன்னான்.

மத்தியானம் சாப்பிடும்போது இதையெல்லாம் சுகிர்தபாயிடம் சொன்னேன். நான் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய், மூன்று தேங்காய்ச் சிரட்டையும் சாம்பல் சட்டியும் எடுத்துக்கொண்டு வந்தாள். மரச்சீனிக் கிழங்குக்குப் போடலாம் என்று சாக்கின் அடியில் இரண்டு படி உரத்தைக் கலக்காமல் வைத்திருந்தோம். அதிலிருந்து ஒரு கை எடுத்தாள். மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் துணியை மூன்றாகக் கிழித்து நனைத்தாள்.

“அந்த நாளு தொட்டே இது எனக்க மனசில கெடக்கு. நீங்க சோறு தின்னுங்க, நான் பாக்கட்டு,” என்றாள்.

முதல் சிரட்டையில் அடுக்களை உப்பும் சாம்பலும். இரண்டாவதில் வெறும் உரம். மூன்றாவதில் உரமும் சாம்பலும். மூன்றிலும் வெந்நீரைக் கொஞ்சம் தெளித்து, வாயில் துணியைப் போட்டு வாழைநாரால் கட்டினாள். துணிக்கும் உள்ளே இருந்ததற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. எதுவும் எதையும் தொடவில்லை.

முதல் துணி மஞ்சளாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது துணியின் நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு சிவப்பு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்து, வெற்றிலை போட்ட வாய் போலத் துணி முழுவதும் பரவி, நார் கட்டிய விளிம்பில் போய் நின்றது. சுகிர்தபாய் கட்டை அவிழ்த்து, துணியைக் கொண்டுபோய் முற்றத்துக் காற்றில் பிடித்தாள். ஓரத்திலிருந்து மஞ்சள் திரும்பி வந்தது. கடைசியாக நடுவில் இருந்த சிவப்பும் போனது. ஒன்றுமே நடக்காதது போலத் துணி அவள் கையில் ஆடியது.

“சுண்ணாம்பு பட்ட செவப்பு இப்பிடிப் போவாது,” என்றாள்.

என் கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. அதைக் கழுவாமலே போய்ச் சிரட்டைமேல் முகத்தை வைத்தேன். அதே ஊசி. கொட்டகையில் மூன்று நாள் என் மூக்கில் ஏறிய அதே ஊசி. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து எழுந்து, துணியைத் தொட்டு, என்னைத் தொட்டு, கூரை வழியாக அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் மறுபடி செய்தேன். அதற்கு மேலும் செய்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு தடவை செய்தேன்; சாம்பல் தீர்ந்து பொன்னுதாஸ் வீட்டில் போய் ஒரு சட்டி வாங்கி வந்தேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை சிவக்காது என்று நினைப்பேன், சிவக்கும். எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம் அந்தச் சிரட்டைக்கு முன்னால் தலை குனியவேண்டும் போலவும் இருந்தது. முப்பத்தெட்டு வருடமாக மண்ணைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்கு மேலே ஒரு முழத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மெல்ல மெல்லத்தான் மற்றது உறைத்தது. நாங்கள் வீரியம் வீரியம் என்று மோந்து பார்த்தோமே, அது உரத்தின் வீரியம்தான். அது போய்க்கொண்டிருந்ததைத்தான் மோந்து பார்த்திருக்கிறோம். பதினொரு வீட்டு நெல்லின் பச்சை மூன்று நாள் என் மூக்கு வழியாகப் போயிருக்கிறது. நான் வாசலில் உட்கார்ந்து ஓலையைத் தூக்கித் தூக்கி அதற்கு வழிவிட்டிருக்கிறேன். வாடை தணிந்தபோது பழுத்துவிட்டது என்று வேறு சொன்னேன்.

“அந்த மனுசன் சொல்லல்லியா, சாம்பல் கூட்டப்பிடாதுன்னு?” என்று சுகிர்தபாய் கேட்டாள்.

“இல்ல,” என்றேன். இந்தத் தடவை தொண்டை எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வரப்புக்குப் போனேன். விலாசினி மடை திறந்துகொண்டிருந்தாள். ஆடிக்குப் பிறகு நாங்கள் இருவரும் பேசியதில்லை. நான் தமிழில் கேட்டேன், அவள் மலையாளத்தில் பதில் சொன்னாள்.

“நீ சாம்பல் கூட்டலியா?”

“சாரமெல்லாம் வாழைக்குழிக்குப் போயி. பின்னே என்து செய்யும், வெறுதே தூவி.” சாரம் என்றால் அவர்கள் பேச்சில் சாம்பல். அவள் என் வயலைப் பார்த்தாள். “உங்கள்க்கு சாரம் கூடுதல் உண்டல்லோ. கொடுத்து வச்சவங்க,” என்று கடைசி இரண்டு சொல்லைத் தமிழில் சொன்னாள். கேலியா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. அவளுடைய பச்சை என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவ்வளவு அழகான நெல்லை நான் அதுவரை கண்டதில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. கொட்டகையில் நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சதாசிவன் நனைந்துகொண்டே வந்தான், குடை கக்கத்தில் இருந்தது. ஜெயதாஸ் வாத்தியார் மனுவை மடியில் வைத்திருந்தார். நான் யாரையும் பேசவிடாமல் மூன்று சிரட்டையை நடுவில் வைத்தேன்.

துணி சிவந்தபோது பொன்னுதாஸ், “சுண்ணாம்புத் தூசி,” என்றான். அதைக் காற்றில் பிடித்து மஞ்சளாக்கிக் காட்டினேன். அவன் என் கையிலிருந்து வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தான். திரும்பத் தானே கட்டினான், தானே அவிழ்த்தான். உப்புப் போட்ட சிரட்டையையும் சாம்பல் போடாத சிரட்டையையும் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். நாற்பது பேர் தலையைக் குனிந்து ஒரு சிரட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேதமணி என்ற கிழவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோவிலுக்குள் நுழையும்போதுதான் அவர் அப்படிச் செய்வார்.

ஜெயதாஸ் வாத்தியார்தான் முதலில் தொண்டையைச் செருமினார். “அப்போ உரம் நல்ல உரம்தான். சாம்பல்தான் தின்னிருக்கு. ஆனா ஒண்ணு, இதை இவரு முன்கூட்டிச் சொல்லியிருக்கணும். டிப்போல இருக்கப்பட்டவருக்கு அது கடமையாக்கும். சொல்லாம விட்டு நம்ம வெள்ளாமையை அழிச்சாரு. மனுவில உப்புங்கிறதை வெட்டிட்டு இதை எழுதினாப் போதும்.”

அதுதான் சரி என்று நாலு பக்கமும் குரல் கேட்டது. வாத்தியார் பேனாவின் மூடியைக் கழற்றினார். சதாசிவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை சொல்லி ஆயிற்று, இனி அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. நான் தப்பிக்க வழி அகலமாகத் திறந்து கிடந்தது. சும்மா இருந்தால் போதும். உண்மையைக் கண்டுபிடித்தவன் என்ற பெயரும் எனக்கே கிடைக்கும். சுகிர்தபாய் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னாரு,” என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. மழைச் சத்தம் ஒரு காரணம். என் குரல் அவ்வளவுதான் வந்தது என்பது இன்னொரு காரணம். வாத்தியார் எழுதத் தொடங்கியிருந்தார்.

“சொன்னாரு. எனக்கிட்டதான் சொன்னாரு. வண்டியில ஏத்தும்போ சாம்பல் கூட்டாத, சுண்ணாம்பு கூட்டாதன்னு சொன்னாரு. நான் சிரிச்சேன். டிப்போல வெச்சு இல்லன்னு சொன்னது பொய்யாக்கும்.”

வாத்தியாரின் பேனா நின்றது. யாராவது என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் அறையவில்லை. பொன்னுதாஸ் எழுந்து துண்டை உதறினான்.

“மூணு நாளு என்னை மோந்து பாக்க வெச்சியே எலே,” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, அது சிரட்டையின் காரம் அல்ல.

ஒவ்வொருவராக மழைக்குள் இறங்கிப் போனார்கள். வாத்தியார் மனுவை மடித்து சுகிர்தபாய் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை அடுப்பில் வைத்தாள். அந்த வருடம் பதினொரு வீட்டிலும் நெல்லைவிட வைக்கோல்தான் அதிகம். டிப்போவில் மிச்சமிருந்த உரத்தைச் சதாசிவன் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தான், வெறுமனே வீசினோம். கொஞ்சம் பச்சை ஏறியது, காலம் தப்பியதால் முழுவதும் ஏறவில்லை. அடுத்த அறுவடை வரை எல்லா வீட்டிலும் மரச்சீனிதான். உரக் கூடையை என் கையில் தர ஏலாவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை, சுகிர்தபாயைக் கூப்பிட்டார்கள். கமிட்டியிலும் நான் பின்வரிசைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து எல்லைக் கோடு போட்டபோது எங்கள் ஏலா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று நான் அழுதேன், அது வேறு கதை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு சதாசிவன் போகவில்லை. நான் சிரட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“அண்ணா, அது ஒண்ணுகூடி காணிக்காமோ?”

நான் நிமிர்ந்தேன். “நீங்க கண்டதில்லையா?”

“கண்டிட்டில்லா. கடலாசில வாயிச்சிட்டேயுள்ளு.” கூட்டக்கூடாது என்று தாளில் படித்ததோடு சரியாம்.

அவன் குடையை முதல் தடவையாகக் கக்கத்திலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். நான் உரமும் சாம்பலும் போட்டேன். அவன் துணியைக் கட்டினான். இரண்டு பேர் தலையும் முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தோம். நடுவில் குன்றிமணி வந்தது, விரிந்தது, விளிம்பைத் தொட்டது. அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். துணியை அவிழ்த்து வாசலுக்குக் கொண்டுபோய், மழைக்காற்றில் அது மஞ்சளாகிற வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

“இது காத்தில நின்னு எடுக்குந்நதாக்கும் அண்ணா,” என்றான் திரும்பி வந்து. “ஆலுவாப் பக்கம் ஒரு ஆலை உண்டு. லாரி லாரியா விறகு கத்திச்சு, அந்தச் சூடில காத்தைப் பிடிச்சு இப்படிப் பொடியாக்கும். ஞான் அதும் கண்டிட்டில்லா.”

நான் கையில் இருந்த சாம்பலைப் பார்த்தேன். எங்கோ விறகைத் தீயில் போட்டு ஆகாசத்திலிருந்து பிடித்து இறக்கியதை, நான் விறகின் சாம்பலைப் போட்டே ஆகாசத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கொட்டகை முழுவதும், முற்றம் முழுவதும், விலாசினியின் வயலுக்கு மேலும் எங்கள் வயலுக்கு மேலும் அதுவே நிறைந்து கிடக்கிறது. பிறந்த நாள் முதல் அதைத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.

“ஒரு காரியம் சோதிச்சோட்டே?” என்று சதாசிவன் கேட்டான். “அன்னு டிப்போல வெச்சு அண்ணன் எந்தினா இல்லான்னு பறஞ்ஞது?”

ஏன் இல்லையென்று சொன்னாய் என்று கேட்ட அந்தக் குரலில் கோபமே இல்லை. துணி ஏன் சிவக்கிறது என்று கேட்கிறவன் போலக் கேட்டான். சந்தை வரைக்கும் கேட்கிற என் தொண்டையிலிருந்து அவனுக்கு ஒரு சொல் வரவில்லை. அவன் துணியை மறுபடி நனைத்து, சிரட்டையின் வாயில் கட்டினான்.